கை நனைக்காத பயிற்றுநர்

போன கிழமை மகள் எங்கள் பழைய சிநேகிதர் ஒருவரின் படத்தை அனுப்பியிருந்தாள். தென்னமெரிக்காவில், தன் சொந்த நாட்டில், ஒரு பெரிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு அவர் பயிற்றுநராகியிருக்கிறார். வரவேற்பு விருந்து போலிருக்கிறது. நீள மேசை, மேசை கொள்ளாமல் சுட்ட இறைச்சி. சுற்றியிருக்கும் இளம் ஆட்டக்காரர்கள் எல்லோருடைய கன்னமும் உப்பியிருக்கிறது. நடுவில் இருக்கும் அவருடைய தட்டு மட்டும் கழுவி வைத்தபடி வெறுமையாக இருக்கிறது. "மனுசன் இன்னும் திருந்தேல்லை, அம்மா" என்று மகள் கீழே எழுதியிருந்தாள். ஜெர்மனியில், ஹம் ரயில் நிலையத்தில் நின்றபடி நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி தன் கைப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஏன் சிரித்தேன் என்பதைச் சொல்வதென்றால், அவர் ஆட்டக்காரராக இருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அவரைப் போன்ற மத்தியகள ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்று எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கியதில்லை. கோல் அடிப்பவருக்குக் கைதட்டல். கோல் காப்பவருக்கு, பந்தை விட்டால் திட்டு. நடுவில் நிற்கிறவர் அங்கும் ஓடுகிறார், இங்கும் ஓடுகிறார், கடைசியில் அவரை யாரும் கவனிப்பதில்லை. என் கணவர் ஒருமுறை விளக்கினார். "நீர் வீட்டில செய்யிற வேலைதான் அது. எல்லாம் உம்மட கையாலதான் போகும். பேர் மட்டும் மற்றவைக்கு." அந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் என்னைப் புகழ்ந்தது மிகக் குறைவு என்பதால் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அப்போது நான் ஹம்முக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு கழகத்தின் கன்டீனில் வேலை செய்தேன். பெரிய கழகம் இல்லை. ஒரு காலத்தில் பெரியதாக இருந்தது என்று அந்த ஊர்க் கிழவர்கள் பியரைக் குடித்துக்கொண்டு சொல்வார்கள். உருளைக்கிழங்கு பொரிப்பது, சொசேஜ் சுட்டு வெட்டி அதன்மேல் சிவப்புக் குழம்பை ஊற்றுவது, அந்தக் குழம்பைக் 'கறி' என்று அவர்கள் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. மகள் கைக்குழந்தை. தள்ளுவண்டியில் குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்திருப்பாள். அதன் உறுமல் நின்றால்தான் அழுவாள்.

அவர் ஒரு பனிக்காலத்தில் வந்து சேர்ந்தார். தன் நாட்டில் அப்போது கடும் வெயில் என்று பிறகு சொன்னார். கோடையில் விமானம் ஏறிப் பனியில் இறங்கிய ஒருவர் எப்படி இருப்பாரோ அப்படியே இருந்தார். ஒரு ஜக்கெட்டின் மேல் இன்னொரு ஜக்கெட், தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பயிற்சி முடிந்ததும் மற்ற ஆட்டக்காரர்கள் குளிக்கப் போக, அவர் நேரே என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். எண்ணெய்ச் சூட்டுக்கு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் நிற்பார். அவருக்கு ஜெர்மன் வராது. எனக்கு வந்த ஜெர்மனை ஜெர்மன்காரர்கள் ஜெர்மன் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது.

ஒருநாள் நான் வீட்டிலிருந்து கொண்டுபோன சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். சோறு, பருப்பு, புளி தூக்கலான மீன் குழம்பு. அவர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இது என்ன?" என்றார். "என்னுடைய சாப்பாடு" என்றேன். அந்தச் சொல்லில் இருந்த 'என்னுடைய' அவருக்கு விளங்கவில்லை போல. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று எங்கள் ஆட்கள் சொல்வதைக் கேட்காமலே கடைப்பிடித்த மனிதர் அவர். சோற்றைப் பாதி பிரித்துக் கொடுத்தேன். அவர் எழுந்துபோய், நான் பொரித்து வைத்திருந்த உருளைக்கிழங்கை அள்ளிக்கொண்டு வந்து மீன் குழம்பில் தோய்த்துத் தின்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு வீட்டில் யாரும் பார்க்காதபோது நானும் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் இரண்டு ஆளுக்குச் சமைத்துக்கொண்டு போனேன். கழகத்தில் ஆட்டக்காரர்களின் சாப்பாட்டைக் கவனிக்கவென்று ஒருவர் இருந்தார். ஆட்டக்காரர் சோறும் எண்ணெயும் தின்பது அந்த ஆளுக்குப் பிடிக்காது. ஆகையால் என் விருந்தாளி கதவுப் பக்கம் அடிக்கடி தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தபடிதான் சாப்பிடுவார். மைதானத்திலும் அப்படித்தான் என்று கணவர் சொன்னார். பந்து தன்னிடம் வருமுன் இடமும் வலமும் திரும்பிப் பார்த்துவிடுவாராம். வந்தபின் பார்க்கிறவன் பிந்திவிட்டான் என்பது அவருடைய கொள்கை. "அந்தப் பழக்கம் உம்மட சோத்தாலதான் வந்தது" என்று கணவர் சிரிப்பார்.

அவருக்கு முதல் தெரிந்த தமிழ்ச் சொல் 'காணும்'. நான் போடுகிற வேகத்துக்கு அவர் கையை நீட்டித் தடுத்துப் பார்த்தார், ஜெர்மனில் போதும் என்றார், தன் மொழியில் சொன்னார், கடைசியில் "உங்கள் ஆட்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?" என்று கேட்டார். காணும் என்று சொல்லவேண்டும் என்றேன். விருந்தாளி அதைச் சொல்லும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் அகப்பையைக் கீழே வைக்கமாட்டோம் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு கன்டீன் முழுக்கக் கேட்க, "காணும், அக்கா, காணும்!" என்று கத்துவார். சொன்ன பிறகும் நான் ஒரு கரண்டி போடுவேன். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

அவருடைய வழக்கம் ஒன்றும் எனக்கு வந்து சேர்ந்தது. மாத்தே என்று ஒரு கசப்புத் தேநீர். சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் விட்டு, ஒரே ஒரு உலோகக் குழலால் ஆளுக்கு ஆள் மாறி மாறி உறிஞ்சுவார்கள். முதல் முறை குழலைத் துடைக்காமல் என்னிடம் நீட்டினார். நான் இரண்டடி பின்னுக்குப் போய்விட்டேன். எச்சில்! அவர் முகம் வாடிப்போனது. தன் ஊரில் மாத்தேயை மறுப்பது ஆளையே மறுப்பது போல என்றார். எச்சில் என்றால் என்ன என்று நான் கையையும் வாயையும் காட்டி விளக்கினேன், பெற்ற பிள்ளையின் எச்சிலைத் தவிர வேறு யாருடையதும் எங்களுக்கு ஆகாது என்றேன். அடுத்த கிழமை எனக்கென்று இன்னொரு குழல் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே குடுவை, இரண்டு குழல். அவருடைய ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். வேப்பம்பூச் சாறு இதைவிடத் தித்திப்பு. ஆனாலும் குடித்தேன்.

இந்தக் காலத்தில்தான் என் கணவரின் தம்பிக்கு ஹனோவரில் ஒரு சம்பந்தம் பேசினோம். பெண்ணின் தாய் மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், வடை, கேக் எல்லாம் பரப்பி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் ஒன்றையும் தொடவில்லை. பேச்சு முடிந்து சரிவரும்வரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் குடும்பத்து முறை. வடையின் மணம் என் மூக்கைத் துளைத்தது. "யோசிச்சுச் சொல்லுறம்" என்று எழும்பி வந்து, ஹனோவர் ரயில் நிலையத்தில் நின்று குளிர்ந்துபோன பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றோம். என் தொழிலே எனக்குச் சாப்பாடாக வந்தது. (சம்பந்தம் சரிவந்தது. ஓரகத்தி இன்றைக்கும் அந்த வடையைச் சொல்லிச் சிரிப்பாள்.)

இதைக் கன்டீனில் அவருக்குச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"தண்ணி கூட இல்லையோ, அக்கா?"

"தண்ணியும் இல்லை."

"ஏன்?"

"சாப்பிட்ட வாயால எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?"

நாங்கள் பேசியது ஜெர்மனில். ஆனால் நினைக்கும்போது அவர் குரல் எனக்கு எங்கள் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன். நான் அதைச் சொன்னதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைக் குழம்பில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவம் முடிகிறபோது அவருடைய முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. கழகத்தின் தலைவர் அவரை ஊரின் நல்ல உணவகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் பயிற்சி நேரத்தில் அவர் என் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கோடைகாலம், சூடு தேவையில்லை, ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பெரிய இறைச்சித் துண்டு வாங்கித் தந்தவர், அக்கா. பிறகு இனிப்பும். நான் நினைச்சன் ஒப்பந்தத்தை நீட்டப் போறார் எண்டு. வடிவாச் சாப்பிட்டன். கோப்பிக் கோப்பையைக் கீழ வைச்சிட்டு, இனி நீ தேவையில்லை எண்டார்."

நான் அடுப்பைக் குறைத்தேன். அவர் தானே சொன்னார். "உங்கட ஆக்கள் நல்லவை. இல்லை எண்டு சொல்லக்கூடிய வீட்டில சாப்பிடமாட்டினம். நான் ஒருநாள் ட்ரெய்னரா வந்தா, நானும் அப்பிடித்தான்."

சொன்னார், போனார். நானும் மறந்துவிட்டேன். யார் யாரோ கோபத்தில் எத்தனையோ சொல்கிறார்கள்.

பிறகு வந்த வருடங்களில் அவருடைய கதையைக் கணவர்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலைத்தளத்தில் தேநீர் இடைவேளையில் கைபேசியில் தேடிப் பார்ப்பாராம். சைப்பிரசில் ஒரு கழகம், கிரேக்கத்தில் ஒரு கழகம், பிறகு முழங்கால் முழுதாகப் போய் ஆட்டம் முடிந்தது. துணைப் பயிற்றுநர். பிறகு மலை உச்சியில் ஒரு நகரத்தில் பயிற்றுநர். அங்கே காற்று மெல்லியது, பந்து நினைத்ததைவிடத் தூரம் பறக்குமாம். அங்கேயும் அனுப்பிவிட்டார்கள். ஒரு துறைமுக நகரம், அங்கேயும் அப்படியே. பயிற்றுநர் வேலை வாடகை வீடு மாதிரி. சுவருக்குப் பூச்சுப் பூசி முடிக்கிற நேரம் வீட்டுக்காரன் எழும்பச் சொல்லிவிடுவான். "பாவம், அந்தாள் ஆக்களுக்கு அடிச்சுச் சொல்லமாட்டார் போல" என்று கணவர் கவலைப்படுவார். அந்த இரவுகளில் குசினி மேசை லாச்சியைத் திறக்கும்போது கரண்டிகளுக்கு நடுவில் என் மாத்தேக் குழல் கிடக்கும். ஒருநாளும் எறிய மனம் வரவில்லை.

தள்ளுவண்டியில் கிடந்த மகள் இதற்குள் பந்தின் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டாள். கன்டீனில் வளர்ந்த பிள்ளை வேறு எங்கே ஓடும்? சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளையைக் கட்டைக் காற்சட்டையோட ஓட விட்டிருக்கிறியள்" என்று ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் ஓர் அக்கா என்னிடம் சொன்னார். "நீளக் காற்சட்டை போட்டால் தடக்கி விழுந்திடுவாள், அக்கா" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு கதைப்பது குறைவு. பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

அவளை நடுவில்தான் விளையாட விட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு உடலியக்கச் சிகிச்சையில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புச் செய்ய இடமும் கிடைத்தது. அவள் எங்களை உட்காரவைத்துச் சொன்னாள். கழகத்தின் பெண்கள் அணி அந்த வருடம் மேல் பிரிவுக்கு ஏறும் போலிருக்கிறது. ஒரு வருடம் தாருங்கோ. மேல் பிரிவு அணியில் என்னை எடுத்தால் இதுதான் என் வாழ்க்கை. எடுக்காவிட்டால் பந்தை வைத்துவிட்டுப் படிக்கப் போவேன், ஒரு சொல் கதைக்கமாட்டேன். நாங்கள் ஒத்துக்கொண்டோம். படிப்பைத் தள்ளிப்போடுவதா என்று எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டேன்.

அந்தக் கோடையில்தான் பெண்கள் அணிக்குப் புதிய பயிற்றுநர் வருகிறார் என்றார்கள். அவரேதான். தலை நரைத்து, ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு, கன்டீன் வாசலில் வந்து நின்று "அக்கா!" என்றார். நான் கையில் மாவோடு ஓடினேன். மகளைக் காட்டினேன். "குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில கிடந்த பிள்ளையோ இது!" என்று வாயில் கை வைத்தார்.

மறுநாள் நான் விடியவே எழும்பி மீன் குழம்பு வைத்தேன். பிட்டு அவித்தேன். உருளைக்கிழங்கும் பொரித்து, அவருடைய பழைய இடத்தில் தட்டை வைத்துக் கூப்பிட்டேன். வந்தார். குனிந்து மணத்தை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு "இப்ப வேண்டாம், அக்கா, பிறகு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

பிறகு என்றால் பின்னேரம் என்று நினைத்தேன். பின்னேரமும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை, அடுத்த கிழமையும் இல்லை. ஒருநாள் குப்பை போடப் போனபோது பார்க்கிறேன், மனிதர் தன் காருக்குள் உட்கார்ந்து, பேக்கரிக் காகிதத்துக்குள் இருந்து சீஸ் பாணைத் தின்றுகொண்டிருக்கிறார். என் கன்டீன் ஐம்பதடிக்குள் இருக்க! என்னைக் கண்டதும் பாணை மடியில் மறைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் இட்ட உப்பு என்ன கொஞ்சமா? "பெரிய மனுசனாகிட்டார். கன்டீன்காரியின்ர சோறு இப்ப இறங்காது" என்று வீட்டில் சட்டி பானையை உருட்டினேன். "வயித்துக்குச் சரியில்லையோ என்னவோ" என்றார் கணவர். "சீஸுக்கு மட்டும் வயிறு சரியோ?" என்றேன். பனிக்காலத்தில் ஒருமுறை கோபத்தை விழுங்கிக்கொண்டு மகளிடம் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக் கொடுத்தேன். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. எனக்குக் கொஞ்சம் மனம் ஆறியது. அவர் தொடவே இல்லை, என் மனம் நோகக்கூடாதென்று மகள்தான் ரயிலில் உட்கார்ந்து முழுவதையும் தின்றாள் என்பது நெடுநாளைக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மகளை அவர் சில ஆட்டங்களில் இறக்குவார், சில ஆட்டங்களில் இருத்திவைப்பார். அவள் வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லமாட்டாள். நானும், எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் படிக்கட்டும், இரண்டும் நல்லதுதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது பொய் என்று வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. கன்டீன் யன்னலால் மைதானம் தெரியும். மகள் நடுவில் நின்றாள். பந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது வந்து சேருமுன் அவள் இடது தோளுக்கு மேலால் ஒருமுறை, வலது தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என் அடுப்படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்ற அதே திரும்பல். பந்து வந்ததும், பார்க்காமலே, யாரும் எதிர்பாராத ஒரு பக்கத்துக்குத் தட்டிவிட்டாள். கோல் அடித்தது வேறொரு பிள்ளை. எல்லோரும் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்தார்கள். நான் யன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, தமிழில் கத்திக்கொண்டு நின்றேன். உருளைக்கிழங்கு முழுவதும் கருகிவிட்டது. படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் பிள்ளையை இந்த மனிதர் எடுக்கவேண்டும், எடுத்தே ஆகவேண்டும் என்று அன்றைக்கு என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அணி மேல் பிரிவுக்கு ஏறியது. யாரை வைத்திருப்பது, யாரை விடுவது என்று அவர்தான் முடிவு செய்யவேண்டும். எங்கள் அம்மன் கோயில் தேருக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தார். கோயில் திருவிழாக் கொடியிறக்கிய கையோடு, வீட்டில் இன்னும் மீனோ இறைச்சியோ காய்ச்சவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பயத்தங்காய், அப்பளம். நல்ல செய்தி இல்லாவிட்டால் வீடு தேடி ஏன் வரப்போகிறார் என்று கணவர் சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தார். சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது. வரவேற்பறையில் மகள் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். வெளியே ஜெர்மன் ஞாயிற்றுக்கிழமையின் அமைதி, புல்வெட்டும் சத்தம்கூட இல்லை. நான் பால் தேநீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார்.

"இன்னும் இல்லை, அக்கா."

அந்தக் கையைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஹனோவர் வடை ஞாபகம் வந்தது. கார், சீஸ் பாண், 'பிறகு' என்ற சொல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் வழக்கத்தை நான் மறந்துபோனேன். அவர் வருடக்கணக்காகத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகத் திரிந்திருக்கிறார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீ பந்து வரமுன்னம் பாக்கிறாய். அதை நான் ஒருத்தருக்கும் படிப்பிக்கேலாது. ஆனா மேல் பிரிவில பார்த்தால் மட்டும் காணாது, பார்த்த இடத்துக்கு ஓடிப்போய் நிக்கவும் வேணும். உன்ர கால் அந்த வேகத்துக்கு வராது. அடுத்த வருசம் பாப்பம் எண்டு சொல்லி உன்னை மைதானக் கரை வாங்கிலில இருத்தி வைக்கலாம். என்னை அப்பிடி இருத்தி வைச்சவை. நான் உனக்கு அதைச் செய்யமாட்டன். உன்னை நான் எடுக்கேல்லை."

மகள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஓம்" என்றாள். அவளுடைய கழுத்து நரம்பு மட்டும் துடித்தது. சின்னதில் காய்ச்சல் வந்தால் அப்படித் துடிக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறியது. "ஒரு வருசமா என்ர கையால ஒரு வாய் தின்னாமல் திரிஞ்சது இதுக்குத்தானோ?" என்று கேட்டேன்.

"ஓம், அக்கா. நீங்கள்தானே சொன்னனீங்கள். முதல் நாள் அந்த மணம் வந்த உடனேயே எனக்குத் தெரியும். அதில ஒரு வாய் வைச்சனோ, பிறகு பிள்ளையை நான் சரியாப் பாக்கமாட்டன். எடுத்துப்போடுவன்."

அவர் மெல்லக் கோப்பையின் மேலிருந்த கையை எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாத்தியாரைக் கேட்பதுபோல என்னைக் கேட்டார்.

"இப்ப முடிஞ்சுதுதானே? இப்ப சாப்பிடலாமோ?"

எங்கள் முறையை அவர் பாதிதான் படித்திருந்தார். பேச்சு முடிந்து சரிவந்தால்தான் பந்தி. இல்லை என்று சொன்னவர்கள் கை காய்ந்தபடியே எழும்பிப் போகவேண்டும். போகிறவர்களைப் பெண் வீட்டார் மறிப்பதும் இல்லை. அந்த மற்றப் பாதியை நான் அவருக்கு ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கதவைக் காட்டவேண்டும் போல இருந்தது. என் பிள்ளையின் வாழ்க்கையை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டுச் சோறு கேட்கிற வாயைப் பார் என்று நினைத்தேன்.

மகள் எழும்பினாள். குசினிக்குள் போனாள். அங்கே கொஞ்ச நேரம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது கையில் இரண்டு தட்டு. ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். மற்றதைத் தனக்கு வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சோறு போடுங்கோ, அம்மா," என்றாள். "அந்தாளுக்கு ஒரு வருசப் பசி."

நான் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவருக்குப் போட்டேன், அவளுக்குப் போட்டேன். குழம்பு விட்டேன். அவர் கரண்டியைத் தேடவில்லை, பழையபடி விரல்களால் பிசைந்தார். வாய்க்குள் வைத்ததும் அவர் தோள்கள் குலுங்கின. தலையை நிமிர்த்தவில்லை. மகளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். ஒருவரும் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அகப்பையோடு அவர் பக்கத்தில் நின்று, தட்டு வெறுமையாக வெறுமையாகப் போட்டேன். என் கோபம் அடங்க ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அகப்பையை வைத்துவிட்டு நானும் இருந்து அழலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். பானையின் அடி தெரியும்வரை அவர் 'காணும்' என்று சொல்லவேயில்லை.